வழக்குத் தமிழும் வழக்குமன்றமும்

கூலி வேலை செய்து பிழைக்கும் ஏழை ஒருவன் நியாயஸ்தலத்தில் சாட்சிக் கூண்டில் ஏறி நிற்பதாக வைத்துக்கொள்வோம். "பத்து வருஷம் மாடாய் உழைத்தேன், கடைசியில் எஜமான் என் வயிற்றில் அடித்துவிட்டார்" என்று அவன் முறையிடுகிறான். தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்தவர் எவராயினும் இதைக் கேட்டவுடன், எஜமானர் அவனுடைய பிழைப்பைக் கெடுத்துவிட்டார், வேலையினின்றும் நீக்கினார் அல்லது கூலியை மறுத்தார் என்று அறிந்துகொள்வர். இவ்வாக்கியத்தையே ஒருவர் சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் பெயர்த்து மேல் நியாயஸ்தலத்தில் வைத்தால் விளைவது என்ன? அடி விழுந்ததா, வயிற்றில் காயம் உண்டா, வைத்தியர் சான்று எங்கே என்ற வினாக்கள் எழும். காயம் இல்லை எனத் தெரிந்ததும் சாட்சி புளுகன் என்று முடிவு கட்டப்படும். மொழிபெயர்த்தவர் ஒரு சொல்லையும் விடவில்லை. ஒரு சொல்லையும் கூட்டவில்லை. ஆயினும் மெய் சொன்னவன் பொய்யனாகிவிட்டான்.

பாஷை கற்பவர்களும், கற்பிப்பவர்களும், மொழிபெயர்ப்பவர்களும் அவசியம் அறியவேண்டிய ஒரு வேற்றுமை இதில் அடங்கியிருக்கிறது. சொற்கள் சேர்ந்து நிற்கும் தொடர்களெல்லாம் ஒரே தன்மையன அல்ல. சில தொடர்கள் தம் சொற்களின் பொருளையே தரும். சில அப்பொருளைக் கைவிட்டு வேறொன்றைத் தரும். சில, பொருளை வைத்துக்கொண்டே, இன்ன சமயத்தில் இன்னவாறுதான் சொல்லவேண்டும் என்ற கட்டுப்பாட்டோடு வரும். இம்மூன்றையும் ஒன்றெனக் கொள்வதால் வரும் கேடு வகுப்பறையில் மதிப்பெண் குறைவதோடு நிற்பதில்லை. சட்டமும், சர்க்கார் அறிவிப்பும், அரசியல் பிரசங்கமும் ஜனங்களிடம் போய்ச் சேருவதும் சேராதொழிவதும் இதைப் பொறுத்தனவேயாகும். ஆதலின் பொது வாழ்வில் ஈடுபட்டுள்ள நம் நேயர்கள் இவ்விஷயத்தைப் பண்டிதர்களுடைய பொழுதுபோக்கு என்று தள்ளிவிடலாகாது என்பது நம் கருத்து.

மூவகைத் தொடர்கள்

முதலாவது சொற்றொடர். "பெரிய வீடு", "மழை பெய்த இரவு", "வயலில் உழுதான்" என்பவை இவ்வகையின. இவற்றில் ஒவ்வொரு சொல்லும் தன் பொருளைத் தருகிறது. இலக்கணம் அவற்றைப் பிணைக்கிறது. பிணைந்தவற்றின் கூட்டுத்தொகையே தொடரின் பொருள். அகராதியும் இலக்கணமும் கைவசம் இருந்தால் அயலான் ஒருவன் இவற்றைப் பிழையின்றி அறிந்துகொள்வான். "பெரிய வீடு" என்பதைப் "பெரிய மனை" என்று மாற்றினாலும், "மிகப் பெரிய பழைய வீடு" என்று விரித்தாலும் தொடர் சிதைவதில்லை.

இரண்டாவது மரபுத்தொடர். "கம்பி நீட்டினான்" என்றால் ஓடிப்போனான் என்பது பொருள். இதில் கம்பியும் இல்லை, நீட்டுதலும் இல்லை. "கையை விரித்தான்" என்றால் தன்னால் ஆகாதென்று மறுத்தான். "தலைமுழுகினான்" என்றால் உறவை அறுத்துக்கொண்டான். "மண்ணைக் கவ்வினான்" என்றால் தோற்றான். இத்தொடர்களின் சொற்களைத் தனித்தனியே அகராதியில் தேடிக் கூட்டிப் பார்ப்பவனுக்குப் பொருள் அகப்படாது. தொடர் முழுவதையும் ஒரே சொல்லாகக் கருதி மனத்திற் கொள்ளவேண்டும்.

மூன்றாவது வழக்குத் தொடர். விருந்தினர் விடைபெறுங்கால் "போய் வருகிறேன்" என்கிறார், "போகிறேன்" என்பதில்லை. விளக்கை "அணை" என்று சொல்லக் கூசி, "குளிரவை" என்கிறார்கள். தாலிக்கயிறு அறுந்தால் "பெருகிற்று" என்கிறார்கள். தெருவில் எதிர்ப்பட்டவரைச் "சாப்பாடு ஆயிற்றா?" என்று வினவுகிறார்கள், வினவுபவர் அவருக்கு அன்னமிடப் போவதில்லை. இவற்றுள் பெரும்பாலானவற்றில் சொற்பொருள் ஓரளவு விளங்கிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் அச்சொற்களை எந்தச் சமயத்தில், யாரிடத்து, எதற்காகச் சொல்லுகிறார்கள் என்பதை உலக வழக்கே நிர்ணயித்திருக்கிறது. அயலானுக்கு இத்தொடர்களின் பொருள் தெரிந்தால் மட்டும் போதாது. அவற்றுக்குரிய இடமும் தெரியவேண்டும்.

ஆங்கிலத்தில் "எக்ஸ்பிரஷன்" என்ற பதம் இம்மூன்றையும் உள்ளடக்கி மிக விரிவாக வழங்குவதுண்டு. அதனாலேயே மாணாக்கர் மூன்றையும் குழப்பிக்கொள்கின்றனர். பெயர் எதுவாயினும் ஆகுக; வேற்றுமை மூன்று என்பதை மனத்தில் இருத்தினால் போதும். இவற்றோடு பழமொழியையும் சேர்த்து மயங்குவாருண்டு. பழமொழி ஒரு முழு வாக்கியம். ஒரு தீர்ப்பைச் சொல்வது. "ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்பது தானே நிற்கும். "கம்பி நீட்டினான்" என்பதோ, நீட்டியவன் யார், எப்பொழுது என்று வேறு சொற்களைத் துணைவேண்டி நிற்கும். முன்னையது அறிவுரை, பின்னையது பேச்சின் ஓர் உறுப்பு.

நம் இலக்கண நூலார் கண்டது

இந்தப் பாகுபாடு மேனாட்டார் நமக்குக் கற்றுக்கொடுத்ததன்று. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இறுதி இயல் மரபியல் என்றே பெயர் பெற்றிருக்கிறது. யானைக்குப் பிறந்தது கன்று, கோழிக்குப் பிறந்தது குஞ்சு, மயில் அகவும், குயில் கூவும் என்று நம் பள்ளிச் சிறுவர் இன்றும் கற்பதற்கு மூலம் அந்த மரபு என்னும் கருத்தேயாம். மயில் கூவிற்று என்பதில் இலக்கணப் பிணைப்பில் குற்றமில்லை. ஆனால் உயர்ந்தோர் அவ்வாறு வழங்கவில்லையாதலின் அது வழுவாயிற்று.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், வழக்கை இயல்பு வழக்கென்றும் தகுதி வழக்கென்றும் பகுத்து, ஒவ்வொன்றையும் மும்மூன்றாக விரிக்கிறது. தகுதி வழக்கின் மூன்று பிரிவுகளாவன இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. அவையில் சொல்லத் தகாததை மறைத்து "கால் கழுவி வந்தான்" என்பது இடக்கரடக்கல். சுடுகாட்டை "நன்காடு" என்பது மங்கலம். பொற்கொல்லர் தம்முள் பொன்னைப் "பறி" என்று வழங்குவது குழூஉக்குறி. நாம் மேலே வழக்குத் தொடர் என்று குறித்தவற்றுக்கு அடிப்படை இங்கேயே இருக்கிறது. இனி, தொகைநிலைத் தொடர் ஆறனுள் அன்மொழித்தொகை என்று ஒன்று உண்டு. "பொற்றொடி வந்தாள்" என்றால் வந்தது தொடியன்று, தொடியணிந்த பெண். தொடரிலுள்ள எச்சொல்லிலும் இல்லாத ஒரு பொருள் தொடருக்குப் புறத்தே தோன்றுகிறது என்பதை நம் முன்னோர் கண்டு அதற்குப் பெயரும் இட்டிருக்கின்றனர். மரபுத்தொடரின் இயல்பை அறிய இதைவிடச் சிறந்த வாயில் வேறு வேண்டுவதில்லை.

ஒரே அச்சில் வார்த்த ஐந்து

வேற்றுமையைத் தெளிவாகக் காட்டும் ஓர் உதாரணத்தை நேயர்கள் முன் வைக்கிறோம். "வாங்கிக் கொடுத்தான்", "சொல்லிக் கொடுத்தான்", "பிடித்துக் கொடுத்தான்", "விட்டுக் கொடுத்தான்", "காட்டிக் கொடுத்தான்" என்னும் ஐந்தையும் நோக்குக. ஐந்தும் வினையெச்சமும் "கொடுத்தான்" என்னும் முற்றும் சேர்ந்தவை. இலக்கண அமைப்பில் அணுவளவும் பேதமில்லை. ஆயினும் முதலாவது சொற்றொடர். பண்டத்தை வாங்கினான், கொடுத்தான், அவ்வளவே. இரண்டாவதற்குக் கற்பித்தான் என்று பொருள். மாணாக்கன் கையில் பண்டம் எதுவும் வந்து சேரவில்லை. மூன்றாவது குற்றவாளியைப் பிடித்து அதிகாரிகளிடம் ஒப்புவித்ததைக் குறிக்கும். நான்காவது தன் பிடிவாதத்தைத் தளர்த்தி இணங்கினான் என்றாகும். தன்னைச் சேர்ந்தவனைப் பிறர்முன் தாழவிட்டான் என்றும் ஆகும். ஐந்தாவதோ துரோகம். தேசத்தொண்டில் சிறை சென்றவர்களுக்கு "காட்டிக் கொடுத்தல்" என்பதன் பொருளை நாம் விளக்க வேண்டுவதில்லை. புதிதாகத் தமிழ் கற்ற ஒருவர், தமக்கு ஊரைச் சுற்றிக் காட்டிய நண்பரைப் பாராட்டக் கருதி, "இவர் என்னைக் காட்டிக் கொடுத்தார்" என்று சபையில் சொன்னால் அந்த நண்பரின் கதி என்னாவது!

வேற்றுமை உருபோ இடைச்சொல்லோ சிறிது மாறினாலும் பொருள் அடியோடு மாறுவதுண்டு. "என்மேல் கை நீட்டினான்" என்றால் அடித்தான். "என்னிடம் கை நீட்டினான்" என்றால் யாசித்தான், அல்லது கடன் கேட்டான். "கை நீட்டி வாங்கினான்" என்று ஓர் உத்தியோகஸ்தரைப் பற்றிச் சொன்னால் லஞ்சம் என்பது குறிப்பு. "கைமாற்று" பத்திரமின்றி வாங்கும் சில்லறைக் கடன். "கைமாறு" செய்ந்நன்றிக்குப் பதிலாகச் செய்வது. கை என்னும் ஒரு சொல்லைக் கற்றவன் தமிழில் ஒரு சொல்லைத்தான் கற்றிருக்கிறான். அதனோடு கூடிய தொடர்களைக் கற்றவன் ஒரு குடும்பத்தின் வாழ்வையே கற்றவனாகிறான்.

இப்படிப் பிறமொழியாளர் நம்மிடம் தடுமாறுவது போலவே நாம் ஆங்கிலத்தில் தடுமாறுகிறோம். "கிவ்" என்பதற்குக் கொடு என்று பாலபாடத்திலேயே கற்கிறோம். பின்னர் "கிவ் அப்" என்றால் கைவிடுதல், "கிவ் இன்" என்றால் பணிந்துபோதல் என்று வரும்போது கொடுத்தல் எங்கே போயிற்று என்று திகைக்கிறோம். இதற்குக் காரணம் நம் அறிவுக்குறைவன்று. மரபுத்தொடரைச் சொற்றொடராக எண்ணிக் கற்பித்த முறைக் குறைவேயாகும்.

சோதிக்கும் வழி

ஒரு தொடர் எவ்வகையைச் சேர்ந்தது என்று அறியச் சில எளிய சோதனைகள் உண்டு. முதலாவது, ஒரு சொல்லை நீக்கி அதே பொருளுடைய வேறு சொல்லை வைத்துப் பார்க்கலாம். "கைகழுவிவிட்டான்" என்பதைக் "கரம் கழுவிவிட்டான்" என்று மாற்றினால் பொறுப்பை உதறினான் என்ற பொருள் மறைந்து, நீரும் கரமுமே எஞ்சுகின்றன. இரண்டாவது, நடுவே ஓர் அடைமொழியைச் செருகிப் பார்க்கலாம். "நீண்ட கம்பியை நீட்டினான்" என்றால் ஓடினவன் திரும்பிவந்து கம்பியோடு நிற்கிறான். மூன்றாவது, "ஏன் அப்படிச் சொல்லுகிறீர்கள்?" என்று பேசுபவரையே கேட்கலாம். சொற்றொடராயின் சொற்களைக் கொண்டே விடை சொல்வார். வழக்குத் தொடராயின் "அப்படிச் சொல்வதுதான் மரியாதை" அல்லது "அப்படிச் சொல்லக்கூடாது, அபசகுனம்" என்பார். மரபுத்தொடராயின் "எல்லோரும் அப்படித்தான் சொல்லுவார்கள்" என்பதே பெரும்பாலும் விடையாகும்.

சில மரபுத்தொடர்களின் பிறப்பிடம் ஆராய்ந்தால் தெரியவரும். "முட்டுக்கட்டை போடுதல்" தேர்ச் சக்கரத்தின் கீழ் கட்டையிட்டுத் தேரைத் திருப்பவும் நிறுத்தவும் செய்யும் தொழிலிலிருந்து வந்தது. "ஒத்து ஊதுதல்" நாகஸ்வரத்திற்குச் சுருதியாக ஒரே ஒலியை இடைவிடாமல் எழுப்பும் ஒத்து என்னும் கருவியிலிருந்து வந்தது. தலைவர் எது சொன்னாலும் அதையே திருப்பிச் சொல்பவரைக் குறிக்க இதனினும் பொருத்தமான தொடர் எந்தப் பாஷையில் கிடைக்கும்? களையெடுத்தல், வேரூன்றுதல், கரையேறுதல் என்பன உழவிலும் ஆற்றிலும் பிறந்தவை. ஆகவே மரபுத்தொடர்கள் வெறும் அலங்காரங்கள் அல்ல. தேரிழுத்தவரும், ஏர்பிடித்தவரும், மேளம் வாசித்தவரும் பாஷைக்கு எழுதிவைத்த ஆஸ்தி அவை.

அயலார் கற்ற விதம்

இந்த ஆஸ்தியின் மதிப்பை அறிந்த அயலார் சிலர் நம்மிடம் வந்து உழைத்துக் கற்றனர். பீட்டர் பெர்சிவல் பாதிரியார் யாழ்ப்பாணத்தில் 1842-இல் தமிழ்ப் பழமொழித் திரட்டு ஒன்றை வெளியிட்டார். பின்னர் 1874-இல் ஆறாயிரத்திற்கு மேற்பட்ட பழமொழிகளோடு அதை விரிவாக்கினார். ஹெர்மன் ஜென்சன் 1897-இல் பழமொழிகளைப் பொருள்வாரியாகப் பகுத்து வெளியிட்டார். 1862-இல் வின்ஸ்லோவின் தமிழ் ஆங்கில அகராதி வந்தது. அவர்களுடைய நோக்கம் மதப் பிரசாரம் என்பது உண்மையே. ஆனால் ஜனங்களின் மனத்தைத் தொட வேண்டுமாயின் ஜனங்களின் வழக்கைக் கற்றாக வேண்டும் என்ற உண்மையை அவர்கள் அறிந்திருந்தார்கள். நம்மவருள் எத்தனை பேர் அதை அறிந்திருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தல் நலம்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகத் தமிழ் லெக்சிகனை வெளியிட்டு, 1939-இல் அனுபந்தமும் சேர்த்தது. ஒரு லட்சத்திற்கு மேற்பட்ட சொற்கள் அதில் இடம்பெற்றன. 1992-இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, இன்றைய உரைநடையில் சொற்கள் வழங்கும் முறையை உதாரண வாக்கியங்களோடு காட்டிற்று. உதாரண வாக்கியமின்றி மரபுத்தொடரைக் கற்பிக்க முடியாது என்பதற்கு இவ்வகை அகராதிகளே சாட்சி. உருவமும் பொருளும் தெரிந்தாலும், எவ்விடத்தில் வரும் என்பது வாக்கியத்தில்தான் தெரியும்.

பத்திரிகைகளின் பொறுப்பு

இவ்விஷயத்தில் பத்திரிகைகளும் குற்றமற்றவை அல்ல என்பதை நாம் மறைக்கப் போவதில்லை. "சுதேசமித்திரன்" 1882-இல் தோன்றி 1899-இல் தினசரியாயிற்று. அன்று முதல் தமிழ்த் தினசரிகளின் வேலையில் பெரும்பகுதி ஆங்கிலத் தந்திகளை இரவோடு இரவாகத் தமிழாக்குவதாக இருந்தது. 1904-இல் அப்பத்திரிகையில் சேர்ந்த பாரதியாரும் இந்த நுகத்தைச் சுமந்தவரே. "மெம்பர்" என்ற ஒரு பதத்திற்கு ஜனங்களுக்கு விளங்கும் தமிழ் தேடித் தேடிக் களைத்து, அகப்படாமையால் அப்பதத்தையே இட்டுச் சென்றதாக அவர் தம் கட்டுரையொன்றில் எழுதியிருக்கிறார். மகாகவிக்கே ஒரு சொல் இவ்வளவு தொல்லை தந்ததென்றால், அவசரத்தில் தொடர்களைப் பெயர்க்கும் சாமானியர் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

அந்த அவசரத்தில் வந்த தொடர்களுள் சில நன்றாக வேரூன்றின. 1936-இல் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில், மாட்ரிட் நகரை நோக்கி வரும் நான்கு படைகளுக்குத் துணையாக நகரத்தினுள்ளேயே மறைந்திருக்கும் ஆதரவாளரைக் குறித்துப் பிறந்தது "ஐந்தாம்படை". 1946-இல் அமெரிக்காவில் பல்டன் என்னும் ஊரில் சர்ச்சில் நிகழ்த்திய பிரசங்கத்தால் உலகெங்கும் பரவியது "இரும்புத்திரை". இவை தமிழில் நிலைத்ததன் காரணம் எளிது. படையும் திரையும் தமிழன் கண்ணால் கண்டவை. தொடரைக் கேட்டவுடன் சித்திரம் மனத்தில் எழுகிறது. அச்சித்திரமே பொருளைக் காட்டிவிடுகிறது.

இப்படி அன்றி, சித்திரமும் தோன்றாமல் பொருளும் விளங்காமல் தமிழில் வந்து குந்தியிருப்பவை பல. ஒருவர் காரியத்தை வேண்டுமென்றே தாமதப்படுத்தினால் "கால்களை இழுக்கிறார்" என்று எழுதுவது ஆங்கிலத்தின் நிழல். "இழுத்தடிக்கிறார்", "ஆறப்போடுகிறார்" என்று நம் ஜனங்கள் ஆயிரமுறை சொல்லுகிறார்கள். "இத்திட்டம் கிராம வளர்ச்சியில் முக்கியப் பங்கு வகிக்கிறது" என்று எழுதுகிறோம். திட்டத்திற்கு யார் பங்கு பிரித்துக் கொடுத்தார்கள்? "இத்திட்டத்தால் கிராமங்கள் பெரும்பயன் அடைகின்றன" என்றால் குடியானவனுக்கு உடனே விளங்கும். பிறமொழித் தொடர்களை அறவே விலக்க வேண்டுமென்பது நம் கட்சியன்று. வருவது நம் வீட்டு வாசலில் நுழையத்தக்கதா என்று பார்த்து வரவேற்கவேண்டும் என்பதே நாம் வேண்டுவது.

இன்று இயந்திரங்களும் மொழிபெயர்க்கத் தொடங்கிவிட்டன. ஏராளமான எழுத்தைக் கொண்டு பழக்கப்படும் அவை, எழுத்தில் மிகுதியாக வந்துள்ள தொடர்களை ஓரளவு அறிகின்றன. வாய்வழக்கில் மட்டும் வாழ்ந்து அச்சேறாத தொடர்களிடத்து அவை சொல்லுக்குச் சொல் பெயர்க்கும் பழைய பிழையில் வீழ்கின்றன. ஆகவே நாம் எழுதாமல் விட்ட மரபு இயந்திரத்திற்கும் எட்டாது; அடுத்த தலைமுறைக்கும் எட்டாது.

நியாயஸ்தலத்தில் நேரும் அநியாயம்

இனி நாம் தொடங்கிய இடத்திற்கே வருவோம். 1956-ஆம் வருஷத்து ஆட்சிமொழிச் சட்டம் இராஜ்யத்தின் ஆட்சிமொழியாகத் தமிழை ஏற்றது. கீழ் நியாயஸ்தலங்களில் சாட்சி தமிழில் பேசுகிறான். ஆனால் அரசியல் சாசனத்தின் 348-ஆவது ஷரத்து உயர்நீதிமன்ற நடவடிக்கைகளுக்கு ஆங்கிலத்தை விதித்திருக்கிறது. ஜனாதிபதியின் சம்மதம் பெற்றுக் கவர்னர் வேறு மொழியை அனுமதிக்கலாம் என்று அதே ஷரத்து வழியும் விட்டிருக்கிறது. அவ்வழியே ராஜஸ்தானம் 1950-இலும், உத்தரப்பிரதேசம் 1969-இலும், மத்தியப்பிரதேசம் 1971-இலும், பீகார் 1972-இலும் ஹிந்திக்கு இடம் பெற்றன. தமிழ்நாட்டுச் சட்டசபை 2006-இல் தமிழுக்காகத் தீர்மானம் நிறைவேற்றி அனுப்பியும் சம்மதம் கிடைக்கவில்லை. எனவே தமிழ்ச் சாட்சியின் வாக்கு மேல்முறையீட்டுக்குச் செல்லும்போது ஆங்கில உடை உடுத்தியே போகவேண்டியிருக்கிறது.

அந்த உடையில் என்னென்ன மறைந்து போகக்கூடும் என்று எண்ணுக. "உன் கணக்கைத் தீர்த்துவிடுகிறேன்" என்று கடைக்காரர் குமாஸ்தாவிடம் மாதக் கடைசியில் சொன்னால் அது சம்பளம். அதே வாக்கியத்தைச் சண்டையில் ஒருவன் கத்தியோடு சொன்னால் அது கொலை மிரட்டல். "அவனைத் தீர்த்துக் கட்டினார்கள்" என்பதில் கட்டுதல் இல்லை, உயிர் இல்லை. "வாயில் மண்ணைப் போட்டான்" என்று ஒரு கைம்பெண் தன் மைத்துனனைக் குறித்துச் சொன்னால், அவள் சொத்து பறிபோயிற்று என்பதே குற்றச்சாட்டு. "என்மேல் கை வைத்தான்" என்று ஒரு பெண் சாட்சியம் கூறினால், கையை மெதுவாக வைத்தான் என்று பெயர்த்து அவள் மானத்தை அற்பமாக்கிவிடலாம். தாக்கினானா, வேறு தீங்கு இழைக்க முற்பட்டானா என்று கேட்டுத் தெளிந்து எழுதி அவளுக்கு நியாயம் தேடவும் செய்யலாம். ஒருவனுடைய சுதந்திரமோ, ஒருத்தியின் வாழ்வோ ஒரு தொடரின் பெயர்ப்பில் தொங்குகிறது என்று நாம் கூறுவது மிகையன்று.

இதை நூற்றைம்பது ஆண்டுகட்கு முன்னரே உணர்ந்த பெரியார் ஒருவர் நம்மிடையே இருந்தார். மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை நியாயஸ்தலத்தில் மொழிபெயர்ப்பாளராகவும் பணியாற்றியவர். சாட்சியின் வாய்ச்சொல் காகிதத்தில் என்னவாகிறது என்பதை நாள்தோறும் கண்டவர். 1805 முதல் 1861 வரையிலான நீதிமன்றத் தீர்ப்புகளைத் தொகுத்துத் தமிழில் "சித்தாந்த சங்கிரகம்" என்ற பெயரால் அவர் வெளியிட்டார். 1879-இல் வெளிவந்த தம் "பிரதாப முதலியார் சரித்திர"த்திலும், கட்சிக்காரனுக்குத் தெரியாத பாஷையில் வக்கீல்கள் வாதிக்கும் விபரீதத்தைக் கண்டித்தார். அவர் எழுப்பிய வினாவுக்கு இன்னும் முழு விடை கிடைக்கவில்லை.

செய்யத்தக்கன

சாசன விஷயம் சட்டசபைகளும் பார்லிமெண்டும் தீர்க்கவேண்டியது. அதற்காகக் கிளர்ச்சி செய்வது வேறு. அது தீரும் வரையில் நாமே செய்யக்கூடியன சில உள. சாட்சியத்தைப் பெயர்ப்பவர்கள் மரபுத்தொடர் வருமிடத்து, சாட்சி சொன்ன தமிழ்ச் சொற்களை உள்ளபடியே குறித்து, அதன் கருத்தையும் பக்கத்தில் எழுதவேண்டும். வக்கீல்கள் ஐயமுள்ள தொடரைச் சாட்சியிடமே கேட்டுத் தெளிவித்துப் பதிவு செய்விக்கவேண்டும். ஒரே வினாவில் தீரக்கூடிய குழப்பத்தை மேல்முறையீடு வரையில் வளரவிடுவது தர்மமாகாது.

உபாத்தியாயர்கள் மரபுத்தொடரை எதிரே பொருள் எழுதிய பட்டியலாக மனனம் செய்விப்பதை விட்டு, ஒரு வினையை எடுத்து அதனோடு சேரும் தொடர்களைக் குடும்பமாகக் காட்டவேண்டும். "விடு" என்பதை எடுத்தால் கைவிடுதல், மூச்சுவிடுதல், கண்ணீர் விடுதல், கதைவிடுதல் என்று சங்கிலி நீளும். எது சொற்பொருளோடு நிற்கிறது, எது விலகிப் போகிறது என்று மாணாக்கரே கண்டு சொல்லட்டும். வழக்குத் தொடரை ஏட்டில் கற்பித்துப் பயனில்லை. விருந்தினர் வருவதும் விடைபெறுவதுமாக வகுப்பிலேயே நடித்துக் காட்டுவித்தால் ஒருநாளில் பதியும். பிறமொழி கற்பிக்கும்போதும் இதுவே முறை.

பொதுத் தொண்டர்களுக்கும் ஒரு வார்த்தை. துண்டுப் பிரசுரம் எழுதுமுன், இக்கருத்தை நம் வீட்டுப் பாட்டியார் எப்படிச் சொல்லுவார் என்று எண்ணிப் பாருங்கள். கிராமங்களுக்குச் செல்லும்போது குறிப்புப் புத்தகம் ஒன்று கையோடிருக்கட்டும். தறிக்காரர், மீன்பிடிப்போர், உப்பளத் தொழிலாளர், உழவர் ஆகியோர் பேச்சில் வரும் தொடர்களை, சொன்ன சமயத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். பேசிய முதியவர் மறைந்தபின் அத்தொடரை எந்த நூலிலும் தேடிப் பெற முடியாது. ஜனங்களுக்காகப் பேசுகிறோம் என்று சொல்பவர்கள் முதலில் ஜனங்கள் பேசுவதைக் கேட்டாகவேண்டும்.

கூண்டில் நிற்கும் அந்தக் கூலியாள் படித்தவனல்லன். அவனுக்குத் தெரிந்த தமிழ் அவன் தாயிடம் கற்றது. "வயிற்றில் அடித்துவிட்டார்" என்று அவன் சொன்னபோது, தன் குறையைச் சொல்ல அதைவிடத் திருத்தமான சொல் இல்லையென்றே சொன்னான்; அவன் எண்ணியது சரியே. அவனுக்குப் புதுத் தமிழ் கற்பிக்க வேண்டிய அவசியம் எவருக்குமில்லை. அவனுடைய தமிழைக் கற்க வேண்டியவர்கள் அவன் வாக்கை எழுதிக்கொள்பவர்களும், பெயர்ப்பவர்களும், தீர்ப்பளிப்பவர்களும், அவன் பெயரால் அரசியல் நடத்தும் நாமுமேயாவோம்.